கத்தாத ஏலம்

சேவலுக்குச் சளி பிடித்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

கூமாப்பட்டியில் இருக்கும் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து, ஒயர்க்கூடையில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய சேவல் அது. ராஜபாளையத்துக்கு வந்த மறுவாரமே மூக்கு ஒழுகி முகம் வீங்கிவிட்டது. கூவ வாயைத் திறந்தால் துருப்பிடித்த கேட்டைத் தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அம்மா மிளகையும் மஞ்சளையும் சின்ன வெங்காயத்தையும் எடுத்து வைத்து அரைக்க உட்கார்ந்தாள். நான் போனை எடுத்துத் தேட உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அம்மா அரைப்பாள், நான் தேடுவேன்.

பழைய ஆங்கிலக் கோழி வளர்ப்புக் குறிப்பு ஒன்றில் இந்த நோய்க்கு ரூப் என்று பெயர் போட்டிருந்தது. பெயரைப் பார்த்ததும் நான் சேவலை மறந்துவிட்டேன். அகராதிக்குப் போனேன். அங்கிருந்து ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய பேச்சுக்கென்றே உள்ள இன்னொரு அகராதிக்குப் போனேன். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தற்காலிக வேலை. போக வர கல்லூரி பஸ்ஸில் இப்படி எதையாவது துரத்திக்கொண்டிருப்பது என் நிரந்தர வேலை. முந்தின மாதம் எங்கள் தெருத் தெலுங்குக்காரர்களின் உறவுமுறைச் சொற்கள். அதற்கு முந்தின மாதம் பழைய பூட்டுகள். எதையும் முடித்ததில்லை.

இந்தச் சொல் என்னை விடவில்லை. முதலில் அதற்குக் கத்துவது என்று பொருள். வீண்பெருமை பேசுவது என்ற பொருளுள்ள ஒரு பழைய வட ஐரோப்பியச் சொல்லுக்குச் சொந்தக்காரனாம். கத்தினால் தொண்டை கட்டும், ஆகவே கரகரத்த தொண்டைக்கும் அதே சொல். கரகரத்த கோழியின் நோய்க்கும் அதே சொல். கூவி விற்பதால் ஏலத்துக்கும் அதே சொல். ஏலம் என்னும்போது மட்டும் வாயைக் கொஞ்சம் அகலமாக வைத்து ரௌப் என்பார்களாம். கடன்பட்டவனின் சாமான்களை விற்று அவனை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்கும் இதுதான் வினைச்சொல். சாமானை விற்றார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஆளையே ஏலம் போட்டுவிட்டார்கள் என்பார்கள். எது எதிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அதே வாரம் அப்பாவுக்குத் தொண்டை போனது.

அப்பா நூற்பாலையில் மேஸ்திரி. நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் காதை அடைக்க ஓடுகிற கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவர். அதனால் வீட்டில் உப்புக் கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பவனியில் இரண்டு கோஷ்டிகளுக்கும் அவரே பாடினார். ஜனவரியில் பொங்கல் கபடிப் போட்டிக்கு மைக் பழுதானபோது, எனக்கெதுக்கு மைக் என்று சாயங்காலம்வரை வர்ணனை செய்தார். மறுநாள் வாயைத் திறந்தால் சேவலின் சத்தம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் வீக்கம், மூன்று வாரம் பேசக் கூடாது என்றார். கிசுகிசுத்தால் இன்னும் மோசமாம்.

"எச்சில முழுங்கும்போது பேச்சையும் சேத்து முழுங்கிருங்க" என்றார்.

"மூணு வாரந்தானா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும், ஆட்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், தென்னங்குருத்து, வாழைத்தார், கோழி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் கோவில் வளாகத்து வேப்பமரத்தடியில் குவித்து ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியிலும் ஒரு கட்டு அதில் இருக்கும். சிலர் விலையைக் கட்டிவிட்டு, எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பார்கள், அதை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் இப்படிக் கைமாறிக் கைமாறிப் பட்டுச் சேலை விலைக்குப் போனதெல்லாம் உண்டு. ஏலம் விடுவது அப்பா. "அண்ணாச்சி, போன வருசம் தூக்கிட்டுப் போன பூசணிக்கா தீந்துச்சா, இல்ல இன்னமும் சாம்பாரு அதானா?" என்று அவர் ஒருவரைச் சீண்டினால், அந்த ஆள் ரோஷத்தில் இந்த வருசப் பூசணிக்காயையும் எடுத்துவிடுவார். வருடத்தில் மீதி நாளெல்லாம் அவர் மில்லில் யாருக்கோ கீழே வேலை பார்க்கிறவர். அந்த ஒரு மத்தியானம் மட்டும் மில் முதலாளியையே "சத்தமாக் கேளுங்க மொதலாளி" என்று அதட்டலாம்.

சபை செகரட்டரி ஒரு கிலோ ஆப்பிளோடு நலம் விசாரிக்க வந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர், அப்பாவைவிட இளையவர், மைக் பிடிக்கிற ஆசை ரொம்ப நாளாகவே உண்டு.

"புது ஸ்பீக்கர் வாங்கிருக்கோம் அண்ணாச்சி. இந்த வருசம் நீங்க ரெஸ்ட் எடுங்க. ஒரு வருசத்துக்குத்தான. நான் பாத்துக்கிடுதேன்."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. காரணம் எனக்கும் தெரியும். அவருக்கு முன்னால் ஏலம் விட்டவர் ஒரு போஸ்ட்மாஸ்டர். நான் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், மகளின் பிரசவத்துக்காக அவர் சென்னை போயிருந்தபோது, "ஒரு வருசத்துக்குத்தான, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னது அப்பாதான். போஸ்ட்மாஸ்டர் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒவ்வொரு ஏலத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, தேவையே இல்லாத தேங்காய்க்கெல்லாம் உரக்க விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா போனை எடுத்துத் தட்டினார். எதிர் நாற்காலியில் இருந்த செகரட்டரியின் பையில் டிங் என்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று செய்தி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை.

செகரட்டரி தெருமுனை திரும்புவதற்குள் அம்மா நேர்ந்துகொண்டாள். "ஆண்டவரே, பண்டிகைக்குள்ள இவுகளுக்குச் சத்தத்தக் குடுத்துரும். இந்தச் சேவல ஒமக்குக் குடுத்துருதேன்."

"ஏம்மா, சேவலுக்கே சத்தம் இல்லையே. நோய்ப்பட்டதக் காணிக்கையாக் குடுக்கலாமா?"

"அதுக்குத்தான ஏட்டி அரைக்கேன்."

ஒரே அம்மியில் அரைத்ததைத் தேன் விட்டு அப்பாவுக்கும், தேன் இல்லாமல் சேவலுக்கும் கொடுத்தாள். இருவரும் ஒரே மாதிரிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கத்தலைத் தவிர அந்தச் சொல்லின் எல்லாப் பொருளும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இருப்பதாக நான் அப்பாவிடம் விளக்கினேன். பேச முடியாத ஒருவரிடம் விளக்குவதில் உள்ள சுகம் வகுப்பறையில் கிடைக்காது. ஆளை ஏலம் போடுகிற பொருளுக்கு வந்தபோது மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். அப்பா பேசவில்லை, ஆனால் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் காதைத் தொட்டு மணிக்கட்டைத் திருப்புவார், அம்மா சிரிப்பாள். அம்மா இரண்டு விரலைக் கத்தரிபோல விரிப்பாள், அவர் தலையில் அடித்துக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் அதே மில்லில் வேலை பார்த்தவள். ரிங் பிரேம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்காது. நூல் அறுந்தது, டீ வந்தது, இன்னும் எத்தனை என்று அங்கே எல்லாமே கைச்சாடைதான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் மெஷினை நிறுத்து. மேலுதட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தால் மேஸ்திரி வருகிறார். அப்பா மேஸ்திரியானதும் அந்தக் கோடு அவருடைய பெயராகிவிட்டது. அப்பாவுக்கு மீசை கிடையாது. முந்தைய மேஸ்திரிக்கு இருந்தது.

"இப்ப என்னம்மா சொல்லுதாரு?"

"ஒனக்கு வரன் பாக்கணுமாம்."

"அதுக்கும் மில்லுல சாடை இருக்கா?"

"பொறவு, நாங்க அங்க வேற என்னத்தப் பேசிருப்போம்?"

பண்டிகைக்கு முந்தின வாரம் விஷயம் ஐயரிடம் போனது. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் யாரையும் புண்படுத்தாத தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். வழக்கம்போல அப்பாவே நின்று ஏலம் விடட்டும். வாயாக மகள் பேசட்டும், அதுதான் காலேஜில் பேசுகிறதே. மைக்கும் ஸ்பீக்கரும் செகரட்டரி பொறுப்பு. "இது சரிப்பட்டு வரலேன்னா அடுத்த வருசம் செகரட்டரி பாத்துக்கிடட்டும்" என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். வீடு திரும்பும்வரை அப்பா அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் நடந்தார்.

நான் ஆயத்தமானேன். ஸ்காட்லாந்தில் மணல் கடிகையைக் கவிழ்த்து வைத்து, மணல் ஓடி முடிவதற்குள் விலை கேட்கச் சொல்வார்கள், நடுவர் ஒருவரை நியமிப்பார்கள் என்றெல்லாம் படித்து வைத்தேன். ஏலத்தில் மலிவாக எடுத்துக் கடையில் விற்கிற பெண்களுக்கென்று அவர்களிடம் ஒரு தனிப் பெயர் உண்டு. எங்கள் சபையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், எனக்குப் பெரியம்மா முறை. மீந்துபோகிற காய்களை எல்லாம் கடைசியில் எடுத்து மறுநாள் காலை மார்க்கெட்டில் விற்பார். சபையில் அவரைக் குறை சொல்லாதவர் இல்லை. அவர் வராவிட்டால் காய்கள் அழுகும். அந்தப் பெயரை அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அங்கயும் என்னைய மாதிரி ஒருத்தி இருந்தாளா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்கு லாபம் எம்புட்டு நின்னுச்சாம்?"

அகராதியில் அது போட்டிருக்கவில்லை.

பண்டிகையன்று காலை விடிவதற்குள் சேவல் கூவியது. துரு முழுக்க உதிர்ந்து, தெருவையே எழுப்புகிற கூவல். அம்மா ஓடிப்போய் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

"சரி, பாதி கெடச்சிருச்சு" என்று அம்மா சேவலைக் கூடையில் போட்டாள்.

"அப்ப காணிக்கை?"

"பாதிச் சேவலக் குடுக்க முடியுமா ஏட்டி?"

வேப்பமரத்தடியில் நான் மைக்கைப் பிடித்தேன். "ஸ்காட்லாந்து தேசத்திலே" என்று தொடங்கினேன். "பூசணிக்காய எடும்மா" என்றது கூட்டம். அப்பா பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரு விலை கேட்டார். நான் அதைச் சொன்னேன். புது ஸ்பீக்கர் அதை வளாகத்தின் நான்கு மூலைக்கும் அனுப்பி, திரும்ப வாங்கி, மறுபடி அனுப்பியது. என் குரலின் எதிரொலியில் எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது விலை கேட்டவர் வாயை அசைப்பது மட்டும் தெரிந்தது. செகரட்டரி திருகுகளைத் திருகிக்கொண்டே அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆட்கள் காதைப் பொத்தினார்கள். வெயிலும் ஏறியது. இன்னும் செத்த நேரம் இப்படியே போயிருந்தால் ஐயரின் கடைசி வாக்கியம் பலித்திருக்கும்.

சத்தம் மிஞ்சிய இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? கையைத் தூக்கினார். கடைசி வரிசையில் ஒரு மில்காரர் தம் முழங்கையைத் தொட்டு விலை கேட்டார். அப்பா இந்தப் பக்கம் திரும்பி விரலை விரித்தார். மரத்தடியில் சாய்ந்திருந்தவர் தம் தோளைத் தொட்டு ஏற்றினார். அப்பா உள்ளங்கையில் மூன்று தட்டுத் தட்டினார், பூசணிக்காய் தலைகளுக்கு மேலாகக் கைமாறிப் பின்னால் போனது. நான் அப்போதும் தலைமையாசிரியரின் விலையையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, வாங்குனது யாரு?" என்றார் அவர்.

"தெரியல சார். விசாரிச்சுச் சொல்லுதேன்."

எங்கள் சபையில் பாதிப் பேர் மில்லில் வேலை பார்ப்பவர்கள் அல்லது பார்த்தவர்கள். அந்தப் பாதி விழித்துக்கொண்டது. மீதிப் பாதியான ஆசிரியர்கள், கடைக்காரர்கள், நான் எல்லோரும் அயலூருக்கு வந்தவர்களைப்போல விழித்தோம். அவர்களுக்காக நான் மைக்கை வைத்துவிட்டு, சாடைகளுக்குப் பின்னால் ஓடி ஓடி விலையைக் கத்தினேன். அம்மா பெண்கள் பாயிலிருந்து உதட்டசைவில் எனக்கு விலை சொன்னாள்.

பெண்கள் பாயைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் ஏலத்தில் பெண்கள் கேட்டதில்லை, பெரியம்மாவைத் தவிர. அத்தனை ஆண்களுக்கு நடுவே கோவில் வளாகத்தில் கத்தி விலை கேட்க யாருக்கு மனம் வரும்? இப்போது கத்த வேண்டாம். சேலை முந்தானைக்கு மேலே ஒரு விரல் எழுந்தால் போதும். ஆட்டுக்குட்டிக்கு மட்டும் அப்படி ஒரு போட்டி நடந்தது. தறி பழுதுபார்க்கிற லூம் பிட்டர் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். எதிரே ஏற்றுவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை, இந்தப் பக்கம் கேட்டவளுக்கும் முன்னால் இருந்த தலைகள் மறைத்தன. கடைசியில் குட்டி பெண்கள் பக்கம் வந்தபோதுதான் அவர் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி.

"வீட்டுக்கு வா, பேசிக்கிடுதேன்" என்றார்.

"குட்டியப் பிடிச்சுட்டு வாங்க மொதல்ல" என்றாள் அவள்.

எங்கள் சேவலை அப்பா தூக்கிப் பிடித்தபோது அது அவர் கையிலேயே நின்று நீளமாகக் கூவியது. கூட்டம் சிரித்தது. "அண்ணாச்சி, ஒங்க சத்தத்த அதுக்குத் தானம் குடுத்துட்டியளா?" என்று ஒருவர் கேட்டார். அப்பா வாழ்நாளில் ஒரு சீண்டலுக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. கழுத்து நரம்பு புடைத்து வாய் திறப்பதைப் பார்த்தேன். அந்த ஒரு பதிலுக்காகத் தொண்டையையே கொடுத்துவிடுவார் என்று பட்டது. பாயிலிருந்து அம்மாவின் உள்ளங்கை எழுந்து கீழ்நோக்கி அமுங்கியது. மெஷினை நிறுத்து.

அப்பா வாயை மூடினார். பிறகு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் என்னவோ காட்டினார். மில்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மீதிப் பாதி என்னைப் பார்த்தது. "என்னம்மா சொன்னாரு?" எனக்குத் தெரியவில்லை. அம்மா இன்றுவரை சொல்லவில்லை. சேவலைப் பெரியம்மா எடுத்தார்.

இவ்வளவு காணிக்கை எந்த வருடமும் சேர்ந்ததில்லை என்று ஐயர் அறிவித்தார். செகரட்டரி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மைக்கே இல்லாமல், நல்ல மனதோடுதான் சொன்னார்: "வார வருசமும் அண்ணாச்சிதான் நடத்தணும். இதே மாதிரி, பேசாமலே நடத்தணும்." கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் மேலுதட்டில் கோடு இழுத்தார், மற்றவர்களும் இழுத்தார்கள். அப்பா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார். அவர் இடம் அவரிடமே தங்கிவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பில் என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. மாணவர்கள் அன்று என்னை மிகவும் மதித்தார்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் டாக்டர் அனுமதி கொடுத்தார். அப்பா முற்றத்தில் நின்று "ஒரு தரம்" என்றார். பழைய குரல், ஒரு பிசிறு இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. செகரட்டரி கேள்விப்பட்டு வந்து, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏலத்தன்னிக்கு மட்டும் செத்த அடக்கி வச்சுக்கோங்க அண்ணாச்சி. பொம்பளையாளுக இப்பதான் கேக்க ஆரம்பிச்சிருக்காக" என்றார். அது நியாயம் என்று அப்பாவுக்கே தெரிந்தது.

அதெல்லாம் போன வருடம். ஆனாலும் இந்த வருடப் பண்டிகை நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அந்த வெளிநாட்டுச் சொல்லுக்கு மொத அர்த்தம் என்ன சொன்ன?"

"கத்துறதுப்பா."

"கத்தாம விக்கிறதுக்கும் அதே பேருதானா?"

"அங்க மணல் ஓடி முடியறதுக்குள்ள கேக்கணும். ஆனா வாயாலதான் கேக்கணும்."

"அப்ப இவனுக நடத்துறதுக்கு வேற பேரு பாரு" என்றார். சட்டை மாட்டப் போனவர் வாசற்படியில் நின்று திரும்பினார். "கத்துறது விக்கிறவனா, வாங்குறவனா?"

"ரெண்டு பேருந்தான்."

மறுநாள் வேப்பமரத்தடியில் அப்பா ஒரு சொல் பேசவில்லை. கை மட்டும் பேசியது. விரல்கள் எழுந்தன, முழங்கைகள் தொடப்பட்டன, நான் பின்னால் ஓடிக் கத்தினேன். கடைசிப் பொருள் ஒரு எலுமிச்சம்பழம். பெரியம்மா சும்மா ஒரு விரலைத் தூக்கினார். அப்பா அந்த விலையைக் குறித்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு விரல் எழவில்லை. பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து, முதல் வரிசையில் அந்தக் காலத்தில் போஸ்ட்மாஸ்டர் எப்போதும் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து, வாங்குகிறவராக, வளாகம் அதிர ஒரு விலை கேட்டார்.

காக்கைகள் மரத்தைவிட்டுப் பறந்தன. யாரும் எதிரே கேட்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தம் விலைக்கு மேல் தாமே கேட்டார், இன்னும் சத்தமாக. அதற்கும் மேலே ஒன்று. செகரட்டரி ஐயரைப் பார்த்தார், ஐயர் காணிக்கைப் பெட்டியைப் பார்த்தார். தடுக்க ஒரு விதியும் இல்லை. பாயிலிருந்து அம்மாவின் உள்ளங்கை எழுந்து கீழ்நோக்கி அமுங்கியது, மறுபடி எழுந்து அமுங்கியது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மேஜைக்குத் திரும்பி வந்து, உள்ளங்கையில் மூன்று தட்டுத் தட்டி, பழத்தைத் தமக்கே விற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அம்மா அதை அறுத்து, வெந்நீரும் தேனும் விட்டு என்னிடம் நீட்டினாள். என் குரல்தான் போயிருந்தது.